வற்று நேரத்தில் ஒரு குடிபூரல்

தண்ணீரில் மிதக்கும் வீடொன்று வாங்கப் போகிறோம் என்று நான் முதன்முதலில் ஊர் ஆட்களுக்குச் சொன்னது மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது. எனக்கு முன்னால் நின்ற அங்கிள் ஒருவர் தட்டோடு திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, வந்த போட் போதாதெண்டு இன்னொண்டு வாங்கிறீரோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கதை யார் சொன்னாலும் எனக்குப் பிடிக்கும், என் தலையில் விழுந்தாலும் பிடிக்கும். பக்கத்தில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. சாம்பாருக்குத் தட்டை நீட்டினாள்.

நாங்கள் போட்டில் வந்த ஆட்கள். சிட்னித் தமிழர் எங்களைச் சொல்வதே அப்படித்தான். படிக்க வந்த ஆட்களும் வேலைக்கென்று வந்த ஆட்களும் வேறு, போட்டில் வந்த ஆட்கள் வேறு. பத்து வருடத்துக்கு மேலாகியும் எங்கள் இருவருக்கும் பிரிட்ஜிங் விசாதான். அகதி மனுவுக்கு முடிவு வரும்வரை இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். முடிவு எப்போது வரும் என்று முன்பெல்லாம் நாங்கள் கதைப்போம். பிறகு கதைப்பதை விட்டுவிட்டோம். விட்ட நாள் எதுவென்று நினைவில்லை.

அவளும் நானும் ஒரே போட்டில்தான் வந்தோம். அப்போது அவள் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண். அவளுடைய அண்ணன் கூட வந்தார். நடுக்கடலில் அவருக்குக் காய்ச்சல் கண்டது, மருந்து இருக்கவில்லை. அவர் உடலை ஒரு சாரத்துணியில் சுற்றிக் கடலில் விட்டோம். தூக்கிய ஆட்களில் நானும் ஒருவன். இங்கே வந்து, தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு, தெரிந்தவர்கள் பேசி எங்களைக் கட்டிவைத்தார்கள். அண்ணனைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்ததில்லை. சண்டை பிடித்து மூடிவைத்த விசயமல்ல அது. யார் தொடங்குவதென்று தெரியவில்லை, அப்படியே போய்விட்டது.

அதன் பிறகு அவள் தண்ணீருக்குப் போனதில்லை. சிட்னிக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஓடிப் போவது துறைமுகத்துக்கு. அவள் போனதில்லை. பரமட்டாவில் ஆற்றோரமாக நடந்தால் கடைப் பக்கமாக நடப்பாள். பயமா என்று ஒரு முறை கேட்டேன். "எனக்கு ஒண்டுமில்லை," என்றாள். அது பொய்யல்ல என்று நினைக்கிறேன். எனக்கும் ஒன்றுமில்லாமல்தான் இருந்தது.

இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு படகு வீடு வாங்க எப்படி மனம் வந்தது என்று கேட்பீர்கள். மனம் வந்து செய்ததல்ல.

செவன் ஹில்ஸில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஒரு நாள் அவரே போன் எடுத்து, வீட்டை விற்கப் போவதாகவும் குளிர்காலம் முடியுமுன் நாங்கள் விட வேண்டியிருக்குமென்றும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். நான்தான் அவரைத் தேற்றினேன். வந்த நாளிலிருந்து எத்தனையோ வீடு மாறிவிட்டோம். பெட்டி கட்டுவது எங்களுக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் இந்த முறை வேறு வீடு கிடைக்கவில்லை. சனிக்கிழமைகளில் வீடு பார்க்கப் போனால் வாசலிலிருந்து தெருமுனை வரை ஆட்கள். வேலையிடத்தில் என்னோடு சாப்பிடுகிற மலேசியா அண்ணன் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இது வீடு பார்க்கப் போறதில்ல லா தம்பி. பொண்ணு பார்க்கப் போன எடத்துல நாப்பது மாப்பிள்ளை வரிசையில நிக்கிற மாதிரி. அதுல உன் விசாவ வேற காட்டணும்."

அவர் படிக்க வந்து, இங்கேயே பொறியியலாளராகி, எங்கள் தொழிற்சாலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். நான் அங்கே பொதி கட்டுகிறவன். சாப்பாட்டு மேசையில் அவர் என்னை ஒருநாளும் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. விற்பனைக்கு விட்ட படகு வீட்டைத் தன் போனில் எனக்குக் காட்டியவர் அவர்தான். முதலில் பகிடிக்குத்தான் காட்டினார். இரண்டு அறை, குசினி, சுற்றிவர யன்னல். நகரத்துக்கு வடக்கே, ஆறு கடலோடு சேரும் பக்கத்தில், ஒரு படகுத் துறையில் கட்டிக் கிடந்தது. அந்தத் துறையில் குடியிருக்க அனுமதியுள்ள இடங்கள் சிலவே. அதில் ஒன்று இது. மாத வாடகை துறைக்கு, வீடு நமக்கு.

நான் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் நிலத்தில் நிற்கும் வீடொன்றை வாங்குவதென்றால் அதற்குத் தனியாக அரசாங்க அனுமதி வேண்டும். வங்கியோ விசாவைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடும். படகுக்கு அந்தச் சட்டம் ஒன்றுமில்லை. சட்டத்தின் கண்ணில் அது வீடே இல்லை, கார் போல ஒரு பொருள். எங்கள் இரண்டு பேரின் கையிலிருந்தது அதற்குப் போதும். சிட்னியில் எங்கள் பெயரில் ஒரு கதவு இருக்க முடியுமென்றால் அது மிதக்கிற கதவாகத்தான் இருக்கும். இதை நான் மலேசியா அண்ணனிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "கிண்டல் பண்ணலியே நீ?" என்று கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீடியோவைப் பார்த்தாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். குசினி வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, காஸ் சிலிண்டர் உள்ளே வைப்பதோ வெளியே வைப்பதோ என்று கேட்டாள். வெளியே என்றேன். "அப்ப பரவாயில்லை," என்றாள். எங்கள் வீட்டில் அந்த முடிவு அவ்வளவு சிறியதாக எடுக்கப்பட்டது. அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். ஓம் என்றும் அவள் சொல்லவில்லை.

பார்க்கப் போனபோதெல்லாம் அண்ணனும் நானும்தான் போனோம். விற்றவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மனைவி இறந்த பிறகு குவீன்ஸ்லாந்தில் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். ஆளை எனக்குப் பிடித்துவிட்டது, வாய் நிறையப் பேச்சு. வாழ்க்கையில் தான் புல் வெட்டாத காலம் இந்த வீட்டில் இருந்த காலம்தான் என்றார். மனைவியோடு சண்டை பிடித்தால் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போகவும் முடியாது, தண்ணீருக்குள்தான் போக வேண்டும், ஆகையால் சமாதானமாகப் பழகினோம் என்றார். அண்ணன் இயந்திரத்தைப் பார்த்தார், அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தார், இன்வெர்ட்டரில் ரைஸ் குக்கர் போடலாமா என்று விசாரித்தார். நான் சாமிப்படம் வைக்க மூலை பார்த்தேன். எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டுமென்பதைக் கிழவர் ஒவ்வொரு முறையும் தானே தீர்மானித்துச் சொன்னார். நாங்கள் போகும்போதெல்லாம் ஆறு கரைமுட்ட நிறைந்து பளபளத்தது. மரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் மண்கூடத் தெரியவில்லை. அழகான இடம்தான். வடிவென்று தெரிந்தது, மனதில் ஒன்றும் அசையவில்லை.

கையெழுத்து வைத்த நாளிலும் அப்படித்தான். கிழவர் கை கொடுத்தார், நான் கொடுத்தேன். வீடு வாங்கியவனின் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி என் முகம் இருக்கவில்லைப் போல. எல்லாம் சரிதானே என்று அவர் இரண்டு தரம் கேட்டார். சாவியைப் பொக்கற்றில் போட்டேன். அது தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கட்டும் என்று ஒரு தக்கைக் கட்டையில் கோர்த்திருந்தார்கள். நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள். நல்ல நேரம் பார்க்காமல் அதில் கால் வைக்க மாட்டேன் என்றாள். அது நியாயமான பேச்சு; எங்கள் ஆட்கள் யாரும் நேரம் பார்க்காமல் குடிபூருவதில்லை. இது நாளைக் கடத்துவதற்கான வழியோ என்றும் எனக்குள் ஒரு யோசனை ஓடியது. கேட்கவில்லை. கோயிலில் ஐயரிடம் போனேன். ஆனியும் ஆடியும் ஆகாது, வைகாசி முடிவதற்குள் வளர்பிறையில் ஒரு நாள் இருக்கிறது, மதியத்துக்குச் சற்று முன் என்று சிட்னி நேரத்துக்குக் கணித்துத் தந்தார். வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். படகைத் திருப்பிக் கட்டினால் வாசலும் திரும்பும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "திருப்பாமல் வைத்திரும்," என்றார்.

அந்த நாள் அண்ணன் தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார். சாமிப்படம், குத்துவிளக்கு, புதுப் பானை, பால், அரிசி, உப்பு, மஞ்சள், ஒரு பிளாஸ்டிக் வாளி. மற்றச் சாமான்களைப் பிறகு ஏற்றுவதாகத் திட்டம். பாலைக் காய்ச்சிவிட்டு, மூவரும் செவன் ஹில்ஸுக்குத் திரும்பி, வீடு விடும் நாள் வரை நாங்கள் இருவரும் அங்கே இருப்பதென்று பேச்சு. அவள் உள்ளே போவாளா என்பதே எனக்கும் அண்ணனுக்கும் தெரியாது. போகாவிட்டால் என்ன செய்வதென்று நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. வேறு வீடு ஒன்றும் இல்லை, அது மட்டும் மூவருக்கும் தெரியும். பின் இருக்கையில் அவள் பானையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வழி முழுக்கப் பேசினார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இவ்வளவு பகிடி விட்ட ஒருவரை நான் கண்டதில்லை.

துறைக்குப் போகும் பாதை வளைந்து வளைந்து இறங்கும். கடைசி வளைவில் ஆறு தெரிய வேண்டும். தெரியவில்லை. அண்ணன் வானை நிறுத்திவிட்டு, "அடப்பாவி," என்றார். கிழவரைத்தான்.

தண்ணீர் போய்விட்டது. ஆற்றின் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் முழுக்கக் கறுப்புச் சேறு. அதில் கண்டல் மரங்களின் வேர்கள் குத்திக்கொண்டு நின்றன. சின்ன நண்டுகள் ஓடின. அழுகின முட்டை மணம். எங்கள் வீடு சேற்றில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து, கயிறுகளெல்லாம் தொய்ந்து, பாசி பிடித்த அடிவயிறு தெரிய. அதற்குப் போகும் மிதவைப் பாலமும் சேற்றில் படுத்திருந்தது. கரையிலிருந்து அதற்கு இறங்கும் பலகைப்படி கூரை ஏணிபோலச் செங்குத்தாக நின்றது.

துறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்தாள். கரையோர இடம் அப்படித்தான், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கிட்ட வற்று நேரத்தில் தரை தட்டும், அதனால்தானே வாடகை மலிவு, கிழவர் சொல்லவில்லையா என்றாள். பின்னேரம் தண்ணீர் திரும்பி வரும், படகுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயரும் சந்திரனைப் பார்த்துத்தான் நாள் வைத்தார். தண்ணீரும் சந்திரனைப் பார்த்துத்தான் வற்றுகிறது. நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். வற்றுப்பெருக்கு அட்டவணை ஒன்று அந்தப் பெண்ணின் அறைக் கதவிலேயே ஒட்டியிருந்தது, அதைப் பார்க்கவில்லை.

ஏமாந்துவிட்டேன் என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன்தான் தவித்தார். வேறு நாள் பார்க்கலாம் லா, சாமி கோவிச்சுக்காது என்று எனக்கும் மனைவிக்கும் இடையில் நடந்தார்.

மனைவி வானிலிருந்து இறங்கிப் படியின் தலைமாட்டில் போய் நின்றாள். பானை இடுப்பில். வீட்டைப் பார்த்தாள்.

"இது இப்ப தரையிலயோ நிக்குது?"

"ஓம். சேறுதான், ஆனால் தரை."

"ஆடாதோ?"

"இப்ப ஆடாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "பின்னேரம் தண்ணி வருமாம்."

"வரும்தானே. நான் என்ன சின்னப் பிள்ளையோ?" என்றாள். பிறகு, "நேரம் போகுது. விளக்கை நீங்கள் கொண்டு வாங்கோ," என்றாள்.

பானையை என்னிடம் தரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள். கீழே பாலம் சரிந்திருந்தது, அதிலும் நடந்தாள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். வலது காலை உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். அண்ணன் மேலே நின்று மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சாமிப்படத்தை வைத்தோம், விளக்கை ஏற்றினாள். வீடு சாய்ந்திருந்ததால் பானையின் கீழே ஒரு கரண்டிக் காம்பை அண்டை கொடுத்தாள். பால் பொங்கி ஒரு பக்கமாகவே வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. எந்தத் திசைக்கு வழிந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மூவரும் பால் குடித்தோம். அண்ணன் தன் குவளையை மேசையில் வைக்க, அது மெதுவாக நகர்ந்து அவருடைய மடிக்கு வந்தது. "வீட்டுக்காரன் உபசாரம் பண்ணாட்டியும் வீடு பண்ணுது," என்றார். மனைவி சிரித்தாள். அதிகமில்லை, மூக்கால் வருகிற சிரிப்பு. ஆனாலும் சிரிப்புத்தான்.

பிறகு போகலாம் என்று அண்ணன் எனக்குக் கண் காட்டினார். தண்ணீர் வருமுன் கிளம்பிவிட வேண்டுமென்பது அவருடைய கணக்கு. மனைவி வாளியில் தண்ணீர் பிடித்து அலுமாரிகளைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். கிழவர் விட்டுப்போன மிளகுப் போத்தல், மெழுகுதிரி, ஒற்றைக் கையுறை எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டாள். அண்ணன் வெளியே போய்க் கயிறுகளைப் பார்ப்பதுபோல நின்றார்.

தண்ணீர் வருவது முதலில் தெரியாது. சேற்றில் விரல் அகலத்துக்குச் சில கோடுகள் மினுங்கின. நண்டுகள் ஒவ்வொன்றாகப் பொந்துக்குள் போயின. கொஞ்ச நேரத்தில் கண்டல் வேர்களின் அடி நனைந்தது. நான் யன்னலோரம் நின்று அதையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். அந்தப் போட்டில் அவள் இருந்த இடம் எனக்கு இன்னும் தெரியும். இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. தன் அண்ணனின் உடலைத் தூக்கியபோது அவள் எழும்பவில்லை. அப்போதும் நான் அவளைப் பார்த்தேன், இப்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டோம்.

கீழே எங்கோ ஒரு முனகல் கேட்டது. தொய்ந்திருந்த கயிறொன்று இறுகியது. சரிந்திருந்த தரை, யாரோ தோள் கொடுத்து நிமிர்த்துவதுபோல மெதுவாக நேரானது. அவள் துணியோடு சிங்க்கின் விளிம்பைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ. எழும்புது."

"ஓம்."

"வெளிக்கிட்டிட்டுதோ?"

"இல்லை. கட்டிக் கிடக்குது. எங்கயும் போகாது."

அவள் விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. வீடு ஒரு தரம் அந்தப் பக்கம் சென்று இந்தப் பக்கம் வந்தது. தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஓடத் தொடங்கியது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். அவள் அழவில்லை. கதிரையொன்றை இழுத்து உட்கார்ந்தாள், ஒரு கை மேசை விளிம்பில்.

"போவமோ?" என்றேன். "நல்ல நேரத்துக்குக் கால் வச்சாச்சு. இனி வீடு விடுற அண்டைக்கு வரலாம்."

"நீங்கள் போய் மிச்சச் சாமானை ஏத்திக்கொண்டு வாங்கோ. வான் நிக்குதுதானே."

"அப்ப நீர் வரேல்லையோ?"

"நான் நிக்கிறன்."

"தனியவோ?"

"விளக்கு எரியுது. குடிபூந்த அண்டைக்கு எரியிற விளக்கை விட்டிட்டு எல்லாரும் போறதோ?"

விளக்கை நூர்த்துவிட்டுப் போகலாம் என்று யாராவது அவளிடம் சொல்ல முடியுமா? அண்ணனைப் பார்த்தேன். அவர் தோளைத் தூக்கினார். துறைப் பெண்ணிடம் போய், மனைவி தனியாக இருக்கிறாள், ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தான் எங்கேயும் போகவில்லை என்று அவள் சொன்னாள்.

அண்ணனும் நானும் வானில் கிளம்பினோம். பெருந்தெருவுக்கு ஏறும்போதுதான், "தங்கச்சி சரியா லா?" என்றார்.

"தெரியாது," என்றேன். "நிக்கிறா."

"நீ?"

அதற்கும் அதே பதில்தான் இருந்தது.

செவன் ஹில்ஸில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. அண்ணன் மெத்தையைத் தூக்க, நான் குசினியில் நின்று அவளுக்குப் போன் எடுத்தேன். கதிரை இரண்டும் கொண்டுவரவோ என்று கேட்டேன். இங்கே கதிரை இருக்கிறது, இடத்தை அடைக்க வேண்டாம் என்றாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் ஏதோ சளக் சளக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி முழுக்க வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

"ஆடுதோ?"

கதிரையொன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"ஆடுது," என்றாள். பிறகு, "கறிச்சட்டி எடுத்தனீங்களோ? மண்சட்டியைத் துணியில சுத்துங்கோ, உடைச்சுப் போடாதேங்கோ. வரேக்க வெங்காயமும் வாங்கிக்கொண்டு வாங்கோ, இங்க ஒண்டுமில்லை."